சார்ஜ் ஏன் நிற்பதில்லை? செல்போன் பேட்டரி பற்றிய பழைய கேள்வியும் அதன் பதில்களும்

சென்னையிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைத் தாண்டி, திருத்தணிக்கு முன்னால் வரும் ஊர் கனகம்மாசத்திரம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்கள், திருமலைக்குப் போகிறவர்கள், நகரி, புத்தூர் பக்கம் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் எல்லாம் கடந்துபோகும் இடம். வழி கேட்பது, பஸ் பார்ப்பது, டீக்கடையில் யூபிஐ-யில் பணம் கட்டுவது, வீட்டுக்குத் தகவல் சொல்வது என்று இவர்கள் அத்தனை பேரின் காரியமும் இன்று ஒரே கருவிக்குள் இருக்கிறது. அது மாலைக்குள் அணைந்துபோனால் திணறல்தான். 'சார்ஜ் நிக்க மாட்டேங்குது' என்ற புகாருக்கு இவ்வளவு அழுத்தம் வந்தது இதனால்தான்.

புகார் புதிதல்ல. இந்தியாவில் செல்போன் சேவை 1995 ஜூலை 31 அன்று தொடங்கியது. அன்றிலிருந்து இந்தக் கேள்வி கூடவே வருகிறது. பதில் மட்டும் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கிறது. குற்றம் பேட்டரியில் என்றார்கள். பிறகு சார்ஜ் போடும் விதத்தில் என்றார்கள். ஆப்களில், டவரில், வெயிலில், கம்பெனியில் என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொரு பதிலும் எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும், திருத்தணி வட்டாரம் போன்ற ஒரு வெயில் பூமியில் எது அதிகம் பொருந்தும் என்று இக்கட்டுரை பார்க்கிறது.

ஆறு மடங்கு பேட்டரி, ஒரே நாள் ஆயுள்

2003-இல் வந்த நோக்கியா 1100-ஐ நினைவில்லாதவர் குறைவு. தலையில் டார்ச் வைத்த போன். அதில் இருந்த பிஎல்-5சி பேட்டரியின் கொள்ளளவு 850 எம்ஏஎச். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 3 வாட் மணி ஆற்றல். இன்று பத்தாயிரம் ரூபாய் போனிலேயே 5000 எம்ஏஎச் இருக்கிறது. அதை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 19 வாட் மணி. ஆறு மடங்குக்குச் சற்று அதிகம். ஆனால் அந்தப் போன் பல நாள் தாங்கியது. இந்தப் போன் ஒரு பகல் தாங்கினால் பெரிது.

ஆகவே, 'பேட்டரித் தொழில்நுட்பம் வளரவில்லை' என்ற முதல் பதில் அப்படியே நிற்காது. லித்தியம் அயனி பேட்டரிக்கு வழி திறந்தவர்கள் மூவர். 1970-களில் ஸ்டான்லி விட்டிங்காம் அடிப்படையை அமைத்தார். 1980-இல் ஜான் குட்இனஃப் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு நேர்மின்வாயைக் கொண்டுவந்தார். 1985-இல் அகிரா யோஷினோ கார்பன் எதிர்மின்வாயோடு அதைப் பாதுகாப்பாக்கினார். 1991-இல் சோனி விற்பனைக்கு விட்டது. 2019-இல் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. இந்த வளர்ச்சி மெதுவானது, ஆனால் நிற்காதது. செலவு அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டது என்பதே உண்மைக்கு நெருக்கமான பதில்.

19 வாட் மணியை விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் சராசரியாக 1.2 வாட்தான் வரும். திரை, செயலி, ரேடியோ, ஜிபிஎஸ், கேமரா எல்லாம் அதற்குள் பிழைப்பு நடத்த வேண்டும். பகல் வெயிலில் வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவைத்தால் திரை மட்டுமே அதை விழுங்கிவிடக்கூடும்.

மின்கட்டணம் இங்கே பொருட்டே இல்லை. இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஒரு யூனிட் மின்சாரத்தில் இப்படிப்பட்ட போனை நாற்பது தடவை முழுதாக ஏற்றலாம். சுவரில் ஒரு பிளக் கிடைக்காத அந்தச் சில மணி நேரம்தான் மனிதரைத் தவிக்கவிடுகிறது.

'முழுசா இறக்கிட்டு ஏத்துங்க'

இது மிகப் பழைய அறிவுரை. நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்கு அது சரியாகவே இருந்தது. செயற்கைக்கோள்களில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவுக்கு இறங்கி ஏறிய பேட்டரிகள் அந்த அளவுக்குக் கீழே இறங்கும்போது மின்னழுத்தம் சரிந்ததை முதலில் கவனித்தார்கள். 'மெமரி எஃபெக்ட்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ஆரம்பகால செல்போன்களில் இந்த வகையும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையும் இருந்ததால், புதுப் போனை முதலில் மணிக்கணக்கில் சார்ஜ் போடச் சொன்னார்கள்.

லித்தியம் அயனிக்கு இந்த நோய் நடைமுறையில் கிடையாது. மாறாக, அடிக்கடி பூஜ்யம் வரை இறக்குவது அதற்குச் சுமை. பேட்டரி மாறி இருபது ஆண்டு கடந்தும் அறிவுரை மாறவில்லை. சதவீதக் கணக்கு தாறுமாறாகக் காட்டும் போனில் எப்போதாவது ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றினால் அளவி சீராகலாம். அதற்கு மேல் இதில் பயன் இல்லை.

இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில்

இப்போது கோலோச்சும் அறிவுரை இது: 20 சதவீதத்துக்குக் கீழே போகவிடாதே, 80-க்கு மேலே ஏற்றாதே. இதன் வேர் ஆய்வகத்தில் இருக்கிறது. பேட்டரி நிறைய நிறைய அதன் மின்னழுத்தம் கூடும். அந்த உயர் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் மின்பகுளி மெல்லச் சிதையும். ஒவ்வொரு முறையும் ஆழமாக இறக்குவதைவிடப் பாதி பாதியாக இறக்கி ஏற்றினால் மொத்தத்தில் அதிக ஆற்றலைப் பெறலாம் என்பதும் சோதனைகளில் நிலைபெற்றது. கம்பெனிகளும் இதை ஒப்புக்கொண்டுவிட்டன. ஐபோனில் 2019-இல் இரவு முழுக்க 80-இல் நிறுத்திவைத்து விடியுமுன் நிரப்பும் வசதி வந்தது. 2023-இல் ஐபோன் 15-இல் 80-ஐத் தாண்டவே விடாத தெரிவும் வந்தது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இப்போது இருக்கிறது.

விதி தவறில்லை. ஆனால் யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும். இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவே இருந்தால் கையில் இருப்பது கொள்ளளவில் 60 சதவீதம்தான். 5000 எம்ஏஎச் வாங்கியவர் 3000-ஐ வைத்துக் குடித்தனம் நடத்த வேண்டும். அலுவலக மேசையில் சார்ஜர் வைத்திருப்பவருக்கு அது சிரமமில்லை. நாள் முழுக்க ரோட்டில் இருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கோ, நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளருக்கோ அது கட்டுப்படியாகாது. 2023 ஜனவரி முதல் அந்த வேலையில் வருகைப் பதிவைச் செயலியில் நாளுக்கு இருமுறை படம் எடுத்து ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. போன் அணைந்தால் ஒரு கூலியே கேள்விக்குறி ஆகும் இடத்தில் 80-இல் பிடுங்கச் சொல்வது பொருந்தாத அறிவுரை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். 2008 முதல் 2014 வரை தமிழ்நாடு கடுமையான மின்வெட்டைப் பார்த்தது. 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் வெளி மாவட்டங்களில் அதைப் போலப் பல மடங்கு. கரண்ட் வந்ததும் ஓடிப்போய் சார்ஜ் போட்டு, போகும்வரை பிடுங்காமல் வைத்திருக்கும் பழக்கம் அந்த ஆண்டுகளில் வலுப்பட்டது என்று கருத இடமுண்டு. 20–80 விதி, பிளக்கில் எப்போதும் மின்சாரம் இருக்கும் என்று நம்பும் ஊர்களிலிருந்து வந்தது. வெளி மாவட்டங்களில் அந்த நம்பிக்கை பிறந்தே நெடுங்காலம் ஆகவில்லை.

திரையும் ஆப்களும்: யார் மேல் பழி?

2010 வாக்கில் ஆய்வுகள் போனைத் திறந்து, எந்த உறுப்பு எவ்வளவு தின்கிறது என்று அளக்கத் தொடங்கின. அந்த ஆண்டில் ஆரன் கேரல், கெர்னாட் ஹைசர் இருவரும் வெளியிட்ட அளவீட்டில் திரை விளக்கும் செல்போன் ரேடியோவும்தான் பெருந்தீனிக்காரர்களாகத் தெரிந்தன. 'வெளிச்சத்தைக் குறை' என்ற அறிவுரைக்கு அப்போது அளவீடு துணையானது.

2012-இல் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வர்கள் இன்னொரு பக்கத்தைத் திறந்துகாட்டினார்கள். இலவச ஆப்கள் சிலவற்றில் செலவான ஆற்றலில் 65 முதல் 75 சதவீதம் விளையாட்டுக்கோ வேலைக்கோ போகவில்லை. ஒட்டியிருந்த விளம்பரப் பகுதிகளுக்கும் பயனரைப் பின்தொடரும் பகுதிகளுக்கும் போனது. இலவசம் என்று எடுத்ததற்குப் பேட்டரியில் விலை கொடுத்திருக்கிறோம். அன்றைய ஆப்களின் கணக்கு இன்றைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும், குற்றம் எப்போதும் பயனர் விரலில் இல்லை என்பதை முதலில் எண்ணாகச் சொன்ன ஆய்வு அது.

கறுப்புப் பின்னணி பேட்டரியை மிச்சப்படுத்துமா என்ற விவாதத்துக்கும் அதே பல்கலைக்கழகம் 2021-இல் ஒரு தெளிவு கொடுத்தது. ஓலெட் திரையில் வெளிச்சம் 30–50 சதவீதத்தில் இருந்தால் சராசரி மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான். முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம். வீட்டுக்குள் பெரும்பொழுது இருப்பவருக்குக் கறுப்புப் பின்னணியால் லாபம் சொற்பம். நண்பகலில் நெடுஞ்சாலை ஓரம் நின்று திரையைப் பார்ப்பவருக்கு அது பெரிய லாபம். ஒரே அறிவுரை ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி பலிக்கும், பலிக்காமலும் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. எல்சிடி திரை உள்ள மலிவுப் போன்களுக்கு இந்த லாபமும் இல்லை. அங்கே படம் எந்த நிறமானாலும் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

திறந்த ஆப்களையெல்லாம் மேலே தள்ளி மூடிக்கொண்டே இருப்பது பலருடைய கைப்பழக்கம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டின் பொறியாளர்களும் அது தேவையில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். மூடிய ஆப்பை மறுபடி முதலிலிருந்து எழுப்பத்தான் கூடுதல் ஆற்றல் ஆகிறது. 2015-இல் ஆண்ட்ராய்டு 6-இல் வந்த 'டோஸ்' வசதி, போன் அசையாமல் கிடந்தால் ஆப்களைத் தானாகவே உறங்க வைக்கிறது. இதிலும் ஒரு கோளாறு உண்டு. சில கம்பெனிகள் பேட்டரி ஆயுளைக் கூட்டிக்காட்ட, பின்னால் ஓடும் ஆப்களைக் கண்மூடித்தனமாகக் கொல்கின்றன. அலாரம் அடிக்காது, மெசேஜ் தாமதமாக வரும். கடைக்காரருக்குப் பணம் வந்த தகவல் உடனே வராவிட்டால், மிச்சமான சார்ஜை வைத்து அவர் என்ன செய்வார்?

டவர் எட்டாத இடத்தில்

வழக்கமான அறிவுரைப் பட்டியல்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இது. போன் ஒலிவாங்கியும் திரையும் மட்டுமல்ல, ஒரு ஒலிபரப்பு நிலையமும்கூட. டவர் பக்கத்தில் இருந்தால் முணுமுணுத்தால் போதும். தொலைவில் இருந்தால் கத்த வேண்டும். 2010-இல் ஆரன் ஷுல்மன் முதலியோர், பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தாருடன் சேர்ந்து இதை அளந்தார்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் அதே அளவு தகவலை அனுப்பிப் பெற, வலுவான இடத்தைவிட ஆறு மடங்கு வரை ஆற்றல் செலவாகலாம் என்பது அவர்கள் கண்டது. இந்திய ஆய்வகம் ஒன்றின் பங்கோடு வந்த முடிவு என்பதால் இதற்கு இங்கே கூடுதல் மதிப்பு உண்டு.

இன்னொரு மறைவுச் செலவு இருக்கிறது. ஒரு சிறு மெசேஜை அனுப்பி முடித்ததும் ரேடியோ உடனே உறங்கிவிடாது. இன்னும் ஏதாவது வருமா என்று சில வினாடிகள் விழித்துக் காத்திருக்கும். 4ஜி பற்றிய 2012-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இந்தக் காத்திருப்பைப் பத்து வினாடிக்கு மேல் என்று அளந்தது. நிமிடத்துக்கு ஒரு குட் மார்னிங் படம் வந்து விழும் வாட்ஸப் குழுவில் அரை மெகாபைட் தகவலைவிட இந்த விழிப்புதான் அதிகம் தின்னும்.

திருத்தணி வட்டாரத்தில் இதற்கு ஒரு எல்லைப் பரிமாணமும் சேர்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு இணைந்தபோது போடப்பட்ட மாநில எல்லையே இன்று தொலைத்தொடர்பு வட்டத்துக்கும் எல்லை. இந்தப் பக்கம் தமிழ்நாடு வட்டம், அந்தப் பக்கம் ஆந்திர வட்டம். நகரி நோக்கிப் பயணிக்கும் போன் ஒரு வட்டத்தின் டவரை விட்டு மற்றொன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். ரோமிங் கட்டணம் போய்விட்டது. தேடும் வேலை போகவில்லை. இடையில் குன்றுகள் மறைக்கும் இடங்களில் போன் 5ஜி-யிலிருந்து 4ஜி-க்கும் மறுபடி 5ஜி-க்கும் தாவும். ஓடும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு மட்டும் கேட்டவர் போனிலும் சார்ஜ் மளமளவென்று இறங்குவதற்கு இது காரணமாக இருக்கலாம். எல்லையோர ஊர்களுக்கென்று தனியாக அளந்த விவரம் வேண்டும், அளப்பதும் கடினமில்லை.

எனவே, கிருத்திகைக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரை மொய்க்கும்போது போனை ஃப்ளைட் மோடில் போட்டுவைத்து, தேவைப்படும்போது மட்டும் எடுப்பது வெறும் சிக்கனமல்ல. மலையேறி இறங்கும் வரை போன் உயிரோடு இருக்க அதுவே நம்பகமான வழி.

வெயில்

மற்ற எல்லாக் காரணங்களும் அன்றைய சார்ஜைக் குறைக்கின்றன. வெப்பம் பேட்டரியின் ஆயுளையே குறைக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் இந்த விவாதத்தில் குழப்பம் அதிகம்.

லித்தியம் அயனி பேட்டரியின் கிராஃபைட் பக்கத்தில் முதல் நாளிலேயே ஒரு மெல்லிய படலம் படிகிறது. அது தேவையான படலம், காவலாக நிற்கிறது. ஆனால் வெப்பம் கூடக் கூட அது தடிக்கிறது. தடிக்கும்போது புழங்க வேண்டிய லித்தியத்தை விழுங்கிக்கொள்கிறது. விழுங்கியது திரும்ப வராது. உள்தடையும் கூடுகிறது. சில வேளை வாயு உண்டாகி 'பேட்டரி உப்பிடுச்சு' என்ற நிலை வருகிறது. அப்படி உப்பிய பேட்டரியை அழுத்துவதோ குத்துவதோ தீப்பிடிக்க வைக்கும். உடனே கழற்றக் கொடுப்பதுதான் வழி.

பேட்டரி யுனிவர்சிட்டி என்ற தளம் தொகுத்திருக்கும் அட்டவணை பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. பயன்படுத்தாமல் ஓராண்டு வைத்தால், 25 டிகிரியில் 40 சதவீதம் ஏற்றிய பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். 40 டிகிரியில் 85. முழுதாக ஏற்றி வைத்தால் 25 டிகிரியில் 80 சதவீதமும் 40 டிகிரியில் 65 சதவீதமும்தான் மிஞ்சும். எண்கள் எல்லா வகைப் பேட்டரிக்கும் அப்படியே பொருந்தா. திசை மட்டும் ஐயமற்றது. சூடும் நிறைவும் சேர்ந்தால்தான் பேட்டரிக்கு மிக மோசம்.

திருத்தணிக்கு இது வெறும் அட்டவணை அல்ல. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்கள் என்று வானிலைத் துறை சொல்லும்போது வேலூரோடு திருத்தணியின் பெயரும் அடிக்கடி வரும். ஐபோனுக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. ஏப்ரல் முதல் ஜூன் வரை இங்கே பகல் என்பதே அந்த வரம்புக்கு வெளியே.

இரு சக்கர வண்டியின் கைப்பிடியில் மாட்டிய போனை எடுத்துக்கொள்வோம். மேலே வெயில் நேராக அடிக்கிறது. வழிகாட்டும் வரைபடம் ஓடுகிறது. ஜிபிஎஸ்ஸும் ரேடியோவும் ஓய்வின்றி வேலை செய்கின்றன. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று திரை முழு வெளிச்சத்தில். சார்ஜ் இறங்குகிறதே என்று வண்டியின் யூஎஸ்பி பின்னிலிருந்து சார்ஜும் ஏறுகிறது. நான்கு பக்கமிருந்து சூடு. சற்று நேரத்தில் போன் தானாகவே திரையை மங்க வைக்கும். சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும். 'சார்ஜர் பின் போச்சு' என்று கடைக்கு எடுத்துப் போவார்கள். பல வேளைகளில் பின் நன்றாகத்தான் இருக்கும். போன் தன்னைக் காத்துக்கொண்டிருக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் பிற்பகலில் சார்ஜ் போடுவதும், கெட்டியான ரப்பர் கவரோடு தலையணைக்கு அடியில் வைத்து இரவு முழுக்க ஏற்றுவதும் இதே கணக்கில் சேரும். 80-இல் பிடுங்கு என்ற விதியைவிட, சூட்டில் ஏற்றாதே என்ற விதிக்கு இந்த வட்டாரத்தில் முன்னிடம் கொடுக்க வேண்டும் என்பது என் கணிப்பு. விடியற்காலையில், கவரைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் நூறு வரை ஏற்றிக்கொண்டு கிளம்புவது, நண்பகல் சூட்டில் 80 வரை ஏற்றுவதைவிடப் பேட்டரிக்கு நல்லதாகவே இருக்கக்கூடும்.

பெரிய பேட்டரி, வேக சார்ஜர்

சந்தையின் பதில் எளிமையானது: பெரிதாகப் போடு, வேகமாக ஏற்று. சாம்சங் 2019-இல் 6000 எம்ஏஎச் போனையும் 2020-இல் 7000 எம்ஏஎச் போனையும் இந்தியாவில் விட்டது. எதிர்மின்வாயில் கிராஃபைட்டோடு சிலிக்கானைக் கலக்கும் வகை 2023-இல் சீனப் போன்களில் வந்தது. 2025-இல் 7000 எம்ஏஎச்சைத் தாண்டிய மெல்லிய போன்கள் இங்கும் சாதாரணமாகிவிட்டன. ஐந்து வாட் சார்ஜர் 2022-க்குள் 120 வாட் ஆனது.

இதில் உண்மையான நன்மை இருக்கிறது. டீ குடிக்கும் நேரத்தில் பாதி ஏறினால் பயணிக்கு அது பெரிய உதவி. வேக சார்ஜிங்கே பேட்டரியைக் கெடுக்கும் என்ற அச்சமும் மிகையானது; கெடுப்பது அதில் எழும் சூடு. வாங்குகிறவர் பவர் பேங்கில் ஏமாறாமல் இருக்க ஒரு விவரம்: மேலே பெரிய எழுத்தில் 10,000 எம்ஏஎச் என்று இருப்பது உள்ளிருக்கும் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டாக மாற்றி வெளியே தரும்போது கிடைப்பது ஏறத்தாழ 6000. பின்பக்கம் சிறு எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று அதையும் அச்சிட்டிருப்பார்கள்.

பெரிய பேட்டரியின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததிலிருந்து, பேட்டரி எவ்வளவு வளர்ந்ததோ அவ்வளவுக்கு வீடியோவும் வளர்ந்தது. கிடைத்த கொள்ளளவைப் பயன்பாடு நிரப்பிவிடுகிறது.

கழற்ற முடிந்த காலமும் கழற்ற முடியாத காலமும்

பிஎல்-5சி-க்குத் திரும்பினால் இன்னொன்றும் தெரியும். 2007 ஆகஸ்டில், ஒரு தயாரிப்பாளர் செய்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சூடாகலாம் என்று நோக்கியா எச்சரித்து, மாற்றித் தர முன்வந்தது. பின்மூடியைக் கழற்றி எண்ணைப் பார்த்து, பேட்டரியை வீட்டிலேயே எடுக்க முடிந்ததால் அது சாத்தியமானது. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது போனையே திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. நடுவில் பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டுவிட்டது.

கம்பெனிகளின் மீதான சந்தேகத்துக்கு உருவம் கொடுத்தது 2017 டிசம்பர். பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தாங்களே குறைத்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. காரணம் பொய்யில்லை: பேட்டரி மூப்பாகும்போது உள்தடை கூடி, திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் அழுத்தம் சரிந்து போன் அணைந்துவிடும். 'முப்பது பர்சன்ட் இருக்கும்போதே ஆஃப் ஆகுது' என்று நாம் சொல்வது இதைத்தான். சொல்லாமல் செய்ததுதான் குற்றம். மலிவாகப் பேட்டரி மாற்றினால் தீரும் என்று அறியாமல் பலர் புதுப் போன் வாங்கினார்கள். 2020-இல் 50 கோடி டாலர் வரை இழப்பீடு தர ஆப்பிள் அமெரிக்காவில் உடன்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாக்கியது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் போனின் பேட்டரி 800 தடவை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதமாவது தாங்க வேண்டும். ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம் என்று லேபிளில் இருக்க வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல் பயனரே பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்பது பொது விதி; ஆயுளும் நீர்த்தடுப்பும் மிகுந்த போன்களுக்கு விலக்கு உண்டு. இந்தியாவில் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையத்தளம் தொடங்கியது. அதே ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் வந்தன. பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் தரும் குறியீடு பற்றி நுகர்வோர் துறை அமைத்த குழு 2025 மேயில் அறிக்கை கொடுத்தது. முன்னுரிமை உதிரிப்பாகங்களின் பட்டியலில் பேட்டரியும் இருக்கிறது.

ஊர்க் கடையில் நிலவரம் வேறு. ஒரிஜினல் பேட்டரி சர்வீஸ் சென்டரில். அது திருவள்ளூரிலோ சென்னையிலோ. கையருகே கிடைப்பது பெரும்பாலும் டூப்ளிகேட். லித்தியம் பேட்டரிகளுக்கு ஐஎஸ் 16046 தரநிலையும் கட்டாயப் பதிவும் இருக்கின்றன. அந்த முத்திரையைப் பார்த்து வாங்கும் பழக்கம் வாங்குபவரிடமும் இல்லை, காட்டி விற்கும் பழக்கம் விற்பவரிடமும் இல்லை. பழுதுபார்ப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு நல்ல பேட்டரி நியாய விலையில் வந்து சேர வழி செய்யப்படவில்லை.

இன்னும் முடிவாகாதவை

சிலிக்கான் கலந்த பேட்டரி வெயில் நாட்டில் நான்கைந்து ஆண்டு எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு இன்னும் காலம் பதில் சொல்லவில்லை. தூய சிலிக்கான் லித்தியத்தை ஏற்கும்போது மூன்று மடங்கு அளவுக்குப் பருக்கக்கூடியது. கலவையில் அதை அடக்கிவைத்திருக்கிறார்கள். சூட்டிலும் அடங்கியிருக்குமா என்பதுதான் கேள்வி. 20–80 விதி ஒரு சாதாரணப் போனுக்கு எத்தனை மாதத்தைக் கூட்டித் தருகிறது என்பதும் ஆய்வகத்துக்கு வெளியே போதிய அளவு அளக்கப்படவில்லை. 5ஜி-யின் செலவு ஊருக்கு ஊர், டவருக்கு டவர் மாறுவதால் அதில் ஒற்றை விடை வரும் என்று எதிர்பார்ப்பதே சரியல்ல.

ஆயினும் ஒரு முடிவுக்கு வர இடமிருக்கிறது. பயனரின் பழக்கத்தைத் திருத்தினால் அன்றைய மாலையைக் காப்பாற்றலாம். மூன்றாம் ஆண்டைக் காப்பாற்ற, சூட்டைத் தாங்கும் பேட்டரியும், தேய்ந்தபின் மாற்றிக்கொள்ள நியாய விலையில் நல்ல பேட்டரியும் வேண்டும். இவை இரண்டும் பயனர் கையில் இல்லை. சோதனைகள் பொதுவாக 25 டிகிரி அளவிலான அறை வெப்பத்தில் நடக்கின்றன. போன் விற்பதோ வேலூரிலும் திருத்தணியிலும். இந்தியா தன் குறியீட்டை வகுக்கும்போது பேட்டரி ஆயுளை 40 டிகிரியிலும் சோதிக்கச் சொல்ல வேண்டும். அந்த எண்ணையும் மாற்றுப் பேட்டரியின் விலையையும் பெட்டியின் மேலேயே அச்சிடச் சொல்ல வேண்டும்.